பண்பலை தந்த ஆம்ஸ்டிராங்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆம்ஸ்டிராங் என்றவுடன் நம்மில் பலருக்கு 1969ஆம் ஆண்டு நிலவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்டிராங்தான் நினைவுக்கு வருவார். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அன்று. அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாகப் பிறந்த எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்டிராங்கைப் பற்றி. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் நாம் கேட்கும் எஃப்.எம். வானொலியை, அதாவது பண்பலை ஒலிபரப்பை, உலகுக்குத் தந்தவர் அவரே. நமது கல்லூரியில் பலரிடம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். இயற்பியல் துறைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. சென்ற ஆண்டுவரை எனக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் அவரை அறிந்துகொண்டது ஒரு செம்புக் கம்பியின் வழியாக. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர். அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பதநீர் காய்ச்சும்போது அடுப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். கோடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மலை எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே பாட்டுக்கு நடுவே எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓர் இரைச்சல் எப்போதும் கேட்கும். முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், அம்மாவுக்காக ஓர் ஏரியல் செய்வதெனத் துணிந்தேன்.

செய்முறை கடினமன்று. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 298 சென்டிமீட்டர் சொச்சம் வரும். அதில் கால்பங்கு ஏறத்தாழ 75. கம்பியின் முனை விளைவைக் கருதி நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 71. அந்த நீளத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பி நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அதன் அடியில் 75 சென்டிமீட்டர் அளவில் நான்கு கம்பிகள், குடையின் கம்பிகளைப்போல் சரிந்து நான்கு திசையும் நோக்க வேண்டும். டிஷ் கேபிளின் நடுக்கம்பியை நெட்டுக்குத்துக் கம்பியோடும், மேலே சுற்றியிருக்கும் வலையை நான்கு கம்பிகளோடும் சேர்க்க வேண்டும். பூமி செய்ய வேண்டிய வேலையை உயரத்தில் அந்த நான்கு கம்பிகளே செய்துவிடும். இதற்கு கிரவுண்ட் பிளேன் என்று பெயர். பி.வி.சி. குழாயின் மூடி ஒன்றை அடித்தளமாகக் கொண்டு, மூன்றே நாளில் செய்து முடித்தேன். (கேட்பதற்கு மட்டுமே செய்தேன். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். ஆர்வமுள்ள நண்பர்கள் இதை மனத்தில் கொள்க.) வீட்டருகே நின்ற மொட்டைப்பனையின் உச்சியில் அப்பா அதைக் கட்டிக் கொடுத்தார். இடி முழங்கும்போது கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் சொல்லியிருந்ததையும் மறக்கவில்லை. அன்று மாலை கடுகு வெடிக்கவில்லை. பாட்டு மட்டும் கேட்டது.

இந்தப் பண்பலையை யார் கண்டுபிடித்தார் என்று அதே பேராசிரியரிடம் கேட்டேன். பதில் சொல்வதற்குப் பதிலாகத் தம் வீட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எட்வின் ஆம்ஸ்டிராங் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணிபுரிந்தவர். தாய் பள்ளி ஆசிரியை. எட்டு வயதில் சிறுவனுக்குக் கடும் நோய் வந்தது. நோய் நீங்கியபின்னும் முகமும் தோளும் சில வேளைகளில் தம்மை மீறித் துடிக்கும் குறை வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. இரண்டாண்டு பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தான். பின்னர் குடும்பம் ஹட்சன் ஆற்றின் கரையிலுள்ள யாங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை லண்டனிலிருந்து வாங்கிவந்த கண்டுபிடிப்புகளைப் பற்றிய நூல் ஒன்று சிறுவனின் மனத்தைக் கவ்விக்கொண்டது. மார்க்கோனியைப்போல் தானும் ஆவதென்று அவன் முடிவு செய்துவிட்டான்.

யாங்கர்ஸ் வீட்டின் தோட்டத்தில் அந்த இளைஞர் 125 அடி உயரத்துக்கு ஒரு கம்பம் எழுப்பினார். வேலையாட்களை வைத்தன்று, தாமே. கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, அதில் அமர்ந்து தம்மைத் தாமே மேலே இழுத்துக்கொண்டு போய் ஏரியல் கம்பிகளைக் கட்டினார். உயரம் என்றால் அவருக்கு அச்சமே கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பற்றிப் படிப்பது போலிருந்தது.

பள்ளிப்படிப்பு முடித்ததற்குத் தந்தை தந்த பரிசு ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். அதில் ஏறி அன்றாடம் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் மின்பொறியியல் படித்தார். அங்கே மைக்கேல் பியூபின் என்னும் பெரும் பேராசிரியரின் ஆதரவு கிடைத்தது. அக்காலத்தில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906இல் உருவாக்கிய ஆடியான் என்ற மூன்று முனை வால்வு இருந்தது. ஆனால் அது உள்ளே எவ்வாறு வேலை செய்கிறது என்பதை, உருவாக்கியவர் உட்பட, யாரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. இளைஞர் ஆம்ஸ்டிராங் அதைப் பொறுமையாக அளந்து பார்த்தார். 1912ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் எண்ணம் உதித்தது. வால்வு பெருக்கித் தந்த அலையில் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலிலேயே கொடுத்தால் என்ன? கோவில் கொடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் கூவுகிறதே, அது அறியாமல் நிகழ்வது. அதை அடக்கி ஆண்டால் மிக மெல்லிய அலையும் பன்மடங்கு பெருகும். அடக்காமல் விட்டால் அதே வால்வு அலையை உண்டாக்கும் கருவியாகிவிடும். கேட்கும் கருவிக்கும் ஒலிபரப்பும் கருவிக்கும் அன்றே வழி பிறந்துவிட்டது. அவருக்கு வயது இருபத்தொன்று.

காப்புரிமை வாங்கப் பணம் வேண்டும். முதலில் பட்டம் வாங்கு, பிறகு பார்க்கலாம் என்று தந்தை மறுத்துவிட்டார். வேறு வழியின்றி 1913 ஜனவரி 31ஆம் நாள் தம் சுற்றுப்படத்தை ஒரு நோட்டரி முன் வைத்துச் சான்று பெற்றுக்கொண்டார். மனுச் செய்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். இந்தச் சில மாதத் தாமதம் அவருக்கு எவ்வளவு துன்பத்தைத் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம். எங்கள் வீட்டில் நிலைமை வேறு. நான் பட்டம் வாங்க வேண்டும் என்பதற்காக அப்பா ஆட்டை விற்றார். அவர் தந்தை பட்டத்துக்காகவே பணத்தைத் தர மறுத்தார். இரண்டும் ஒரே ஆசைதான் எனத் தோன்றுகிறது.

1914 ஜனவரிக் கடைசியில், பெல்மார் என்னும் கடற்கரை ஊரில், குளிர் நடுங்கும் ஒரு கொட்டகையில் தம் கருவியை மார்க்கோனி கம்பெனியின் இளம் அலுவலர் ஒருவருக்கு இயக்கிக் காட்டினார். இரவெல்லாம் இருவரும் விழித்திருந்து தொலைதூர நிலையங்களைக் கேட்டனர். அந்த அலுவலர் டேவிட் சார்னாஃப். ரஷ்யாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் ஆர்.சி.ஏ. என்ற மாபெரும் வானொலிக் கம்பெனியின் தலைவராக உயர்ந்தவர். அன்று தொடங்கிய நட்பு இருபது ஆண்டுகள் நீடித்தது. அந்த நட்பே பின்னர்ப் பகையானதுதான் இந்த வாழ்க்கையின் சோகம்.

முதல் உலகப் போரில் ஆம்ஸ்டிராங் அமெரிக்கப் படையின் தொடர்புப் பிரிவில் சேர்ந்து பாரிசுக்குப் போனார். அங்கே 1918இல் உருவானதுதான் சூப்பர் ஹெட்டரோடைன். வரும் அலை எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும் அதை ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி, பிறகு பெருக்கும் முறை அது. நம் ஆய்வகத்தில் பழுதாகிக் கிடக்கும் ரேடியோவைத் திறந்து பார்த்தால் 455 கிலோஹெர்ட்ஸ், 10.7 மெகாஹெர்ட்ஸ் என்று பேராசிரியர்கள் காட்டுவார்களே, அவை இவ்வகை இடைநிலை அதிர்வெண்களே. போர் முடிந்து மேஜர் ஆம்ஸ்டிராங்காகத் திரும்பினார்.

1922இல் மற்றொரு சுற்றுமுறையை ஆர்.சி.ஏ. வாங்கிக்கொண்டு, இரண்டு லட்சம் டாலரும் அறுபதாயிரம் பங்குகளும் தந்தது. இதனால் அக்கம்பெனியின் தனிப்பட்ட பங்குதாரர்களில் அவரே பெரியவர் ஆனார். பணம் வந்தது, கூடவே காதலும் வந்தது. சார்னாஃபின் செயலாளரான மேரியன் என்னும் பெண்மணியை விரும்பினார். 1923 மே மாதத்தில் நியூயார்க்கின் நடுவே, தெருவிலிருந்து 400 அடிக்கும் மேல் உயர்ந்திருந்த ஆர்.சி.ஏ. நிலையக் கோபுரத்தின் உச்சிவரை ஏறிப் படமெடுத்துக்கொண்டு, அந்தப் படங்களை மேரியனுக்கு அனுப்பினார். சார்னாஃபுக்குக் கோபம். மேரியனோ அவ்வாண்டு டிசம்பரில் அவரை மணந்துகொண்டார். திருமணப் பரிசாக அவர் செய்து கொடுத்தது கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சூப்பர் ஹெட்டரோடைன் ரேடியோ.

இனிப் பண்பலைக்கு வருவோம். அதுவரை வானொலி முழுவதும் வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்கியது. ஒலி ஏறி இறங்குவதற்கேற்ப அலையின் வீச்சு ஏறி இறங்கும். மின்னலும் மோட்டார்களும் உண்டாக்கும் இரைச்சலும் வீச்சைத்தான் கலைக்கும். ஆகவே பாட்டையும் இரைச்சலையும் பிரிக்க வழியில்லை. ஆம்ஸ்டிராங் வீச்சை விட்டுவிட்டு அதிர்வெண்ணைப் பற்றிக்கொண்டார். பக்கத்து ஊர்க் கொடையில் நாகஸ்வரம் வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று வீசும் திசைக்கேற்ப நம் காதுக்கு ஓசை கூடும், குறையும். ஆனால் காற்றால் ஸ்வரத்தை மாற்ற முடியுமோ? ஸ்வரம் அப்படியே வந்து சேரும். அதுபோல, வீச்சின் ஏற்ற இறக்கத்தை ஏற்கும் கருவியில் வெட்டி எறிந்துவிட்டு, அதிர்வெண் மாற்றத்தை மட்டும் படித்தால் இரைச்சல் அடங்கும்.

இது முன்பே பலருக்குத் தோன்றியதுதான். ஆனால் ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர் 1922இல் இம்முறையை ஆராய்ந்து, இதனால் ஆதாயமில்லை என்று காட்டிவிட்டார். அவர் கணக்கு தவறன்று. குறுகிய அலைப்பட்டையை எண்ணிப் போட்ட கணக்கு அது. எல்லோரும் பட்டையைக் குறுக்கப் பார்த்தபோது ஆம்ஸ்டிராங் விரித்தார். இன்றும் ஒரு பண்பலை நிலையம் தன் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுகிறது. விரியவிரிய இரைச்சல் அடங்கியது. 1933 டிசம்பர் 26ஆம் நாள் இதற்கான காப்புரிமைகள் கிடைத்தன.

சார்னாஃப் முதலில் கைகொடுத்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85ஆவது மாடியில் ஆர்.சி.ஏ.வின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கிருந்து 1934 ஜூனில் அனுப்பிய ஒலி, எழுபது மைல் அளவு தொலைவிலுள்ள கடற்கரை வீட்டில் இரைச்சலின்றிக் கேட்டது. ஆனால் சார்னாஃபின் மனம் அப்போது தொலைக்காட்சியில் இருந்தது. நாடெங்கும் உள்ள பழைய முறை நிலையங்களையும் ரேடியோப் பெட்டிகளையும் ஒரே அடியில் பழசாக்கும் புதுமையை வரவேற்க எந்தக் கம்பெனிக்குத்தான் மனம் வரும்? 1935இல் கருவிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆம்ஸ்டிராங் நியூயார்க்கில் ரேடியோப் பொறியாளர் சங்கத்தின்முன் கட்டுரை படித்தார். படித்து முடித்ததும் யாங்கர்ஸில் நண்பர் வீட்டிலிருந்து வந்த ஒலிபரப்பைக் கேட்க வைத்தார். குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை. எதிரே ஊற்றுவதுபோலவே, எதிரே கிழிப்பதுபோலவே கேட்டதாம். ரேடியோவில் இப்படிக் கேட்கும் என்று அந்த அவை எண்ணியும் பார்த்ததில்லை.

பின்னர்த் தம் பங்குகளை விற்று, மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரைக் குன்றின்மேல் ஆல்பைன் என்னுமிடத்தில் 425 அடிக் கோபுரம் எழுப்பினார். மூன்று நீண்ட கைகளை விரித்தபடி நிற்கும் கோபுரம். 1939இல் அங்கிருந்து 42.8 மெகாஹெர்ட்ஸில் முழுத்திறனோடு ஒலிபரப்பினார். வேறு சிலரும் நிலையங்கள் தொடங்கினர். 1940இல் ஆர்.சி.ஏ. ஒரே தொகையாகப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. மற்றக் கம்பெனிகள் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு வீதம் தரும்போது பெரிய கம்பெனிக்கு மட்டும் தனி நீதியா என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர் வந்ததும், தம் காப்புரிமைகளை அமெரிக்கப் படைக்கு விலையின்றிக் கொடுத்தார். படையின் டாங்கிகள் பண்பலையில் பேசின.

போர் முடியும் வேளையில், 1945 ஜூன் 27ஆம் நாள், அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலையை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88க்கு மேல் தூக்கிவிட்டது. சூரியப் புள்ளிகளால் பழைய பட்டையில் இடையூறு வருமென்று ஒரு பொறியாளர் சொன்ன கணிப்பைக் காரணம் காட்டினார்கள். ஆம்ஸ்டிராங் எவ்வளவோ மறுத்தும் பயனில்லை. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் ஊமையாயின. நிலையங்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. இதை முழுக்க முழுக்கச் சூழ்ச்சி என்று எழுதுவோர் உண்டு. புதிய பட்டையில் கூடுதல் நிலையங்களுக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மையே. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் அன்று திவாலாகிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். பழைய பட்டையே நிலைத்திருந்தால் என் மொட்டைப்பனை ஏரியல் 71 சென்டிமீட்டருக்குப் பதிலாக 166 சென்டிமீட்டர் இருந்திருக்கும்.

நூலில் இந்த இடத்துக்கு நான் வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ரேடியோவில் பழைய கடுகு மீண்டும் வெடித்துக்கொண்டிருந்தது. முன்னைவிட மோசம். நான் என் கணக்கைச் சந்தேகித்தேன். வகுத்தேன், பெருக்கினேன், ஒரு வாரம் போயிற்று. அப்பா ஒரு நாள் ரேடியோவின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது! நாற்பது அடி உயரத்தில் நுழைந்த மழைநீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கேபிளின் வலையைப் பற்றிக்கொண்டு, அடுப்பங்கரைவரை இறங்கி வந்திருக்கிறது. உரித்துப் பார்த்தால் செம்பு வலை கறுத்திருந்தது.

நான் உச்சி இணைப்பைச் சுற்றியிருந்தது சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப். கோடை வெயிலில் பசை உருகி, டேப் வாய் பிளந்திருந்தது. அதையும் மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தேன். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். கூரைக்கு ஓலை வேயும்போது எவனாவது முகட்டிலிருந்து தொடங்குவானா என்று கேட்டார். இறவாரத்தில் தொடங்கி மேலே போனால்தான் மேல் ஓலை கீழ் ஓலையின்மேல் படியும், தண்ணீர் வழிந்து போகும். ஒன்றோடொன்று தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அருப்புக்கோட்டையில் வாங்கிவந்து, கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பையும் அதே முறையில் சுற்றினோம். புளித்த காடி வாடை வீசும் சிலிக்கான் பசையைச் செம்பின்மேல் பூச வேண்டாம், அரித்துவிடும் என்று பேராசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். கேபிள் மேலிருந்து நேரே இணைப்புக்குள் போகாமல், கீழே ஒரு வளைவு வளைந்து, அடிப்பக்கமாக ஏறி நுழையும்படி செய்தோம். வழிந்து வரும் துளி வளைவின் அடியில் சொட்டிவிடும். பாளையிலிருந்து சொட்டும் துளி எந்தப் பக்கம் வழியும் என்று முப்பது ஆண்டு பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இணைப்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, நீராவி தங்காமலிருக்க அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டோம். கேபிளை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளே நனைந்த கேபிள் காய்ந்தாலும் தேறாது.

பழுது பார்க்க ஏற வேண்டுமே. நான் ஏறுகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. என்னை ஏறவிடாமல் இருப்பதற்காகத்தான் அவர்கள் இருவரும் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்கள். ஈரம் காயாத பனையில் ஐம்பது வயதைத் தாண்டிய அப்பா காலில் தளையை மாட்டிக்கொண்டு ஏறினார். அவர் இறங்கும்வரை அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு ரேடியோப் பாட்டுக்காக அப்பாவை அங்கே ஏற்றிவிட்டோமே என்று நான் கீழே நின்று நடுங்கினேன்.

அன்றிரவு மீதி நூலைப் படித்தேன். 1912ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு டி ஃபாரஸ்ட் உரிமை கொண்டாடித் தொடுத்த வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்து, 1934இல் உச்ச நீதிமன்றத்தில் ஆம்ஸ்டிராங்குக்கு எதிராக முடிந்திருந்தது. தந்தை மறுத்த அந்தச் சில மாதங்களை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. பொறியாளர்கள் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. தமக்கு முன்பு அளித்த பதக்கத்தை அவர் திருப்பித் தர முன்வந்தபோது சங்கம் வாங்க மறுத்துவிட்டது. அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் சட்டத்தில் அவர் தோற்றவரே.

பண்பலையிலும் அதுவே நடக்கும் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். ஆர்.சி.ஏ. தன் பொறியாளர்களே பண்பலையைத் தனியே உருவாக்கியதாகச் சொல்லி, தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஒலிப்பகுதியில் அதைப் பயன்படுத்திக்கொண்டு ராயல்டி தர மறுத்தது. 1948 ஜூலையில் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ ஓராண்டு அவரையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள். இதற்கிடையில் காப்புரிமைகள் காலாவதியாயின. ஆண்டுகள் போயின, செல்வம் போயிற்று. ஒரு வேடிக்கை என்னவென்றால், என் பனையின் உச்சியில் நிற்கும் கிரவுண்ட் பிளேன் ஏரியலை வடிவமைத்தவர் அதே ஆர்.சி.ஏ.வின் பொறியாளரான ஜார்ஜ் பிரவுன். அக்கம்பெனியில் நல்ல மூளைகளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்து வருவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று எண்ணினேன். 1953 நவம்பரில், முதுமைக்கென மனைவியின் பெயரில் வைத்திருந்த பணத்தை வழக்குக்காகக் கேட்டார். மேரியன் தர மறுத்தார். அவர் கணப்புக்கோலை எடுத்து மனைவியின் கையில் அடித்துவிட்டார். மேரியன் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். மேதை என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர் மறுத்த பத்து லட்சத்தைக்கூட நான் மதிக்கிறேன், இதை மதிக்க முடியவில்லை. அவராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை போலும். 1954 ஜனவரி 31ஆம் நாள், நோட்டரிச் சான்று பெற்ற நாளிலிருந்து சரியாக நாற்பத்தோராண்டு கழிந்த இரவில், மனைவியிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது அறுபத்து மூன்று. மார்ச் மாதத்தில் ஆல்பைன் நிலையத்தின் ஒலிபரப்பு நின்றது.

மறுநாள் காலையில் அப்பா நூலிலிருந்த கோபுரத்தின் படத்தைப் பார்த்து யார் இவர் என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன். காப்புரிமை, வழக்கு எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டவர், அந்த அம்மா பிறகு என்ன செய்தார் என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசிப் பக்கங்களை நான் படிக்காமலே மூடியிருந்தேன். உட்கார்ந்து படித்து அவருக்குச் சொன்னேன்.

மேரியன் வழக்கை விடவில்லை. அதே 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 1940இல் அவர் வேண்டாமென்ற அதே தொகை அளவுதான். மற்றக் கம்பெனிகளின்மீதும் ஒவ்வொன்றாக வழக்கை நடத்தினார் அந்த அம்மையார். எல்லாவற்றிலும் அவருக்கே வெற்றி. கடைசியாக மோட்டோரோலா கம்பெனியின்மீதான வழக்கு 1967இல் முடிந்தது. பண்பலையைக் கண்டவர் எட்வின் ஆம்ஸ்டிராங் என்பது நீதிமன்றத்திலும் நிலைபெற்றது. 1977 ஜூலை 23ஆம் நாள் நம் சென்னையில் அகில இந்திய வானொலி இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கியபோது மேரியன் உயிரோடிருந்தார். அவர் மறைந்தது 1979இல்.

ஆல்பைன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து, அவற்றின்மேலிருந்த ஒலிபரப்புக் கருவிகளும் அழிந்தபோது, அந்நகரின் தொலைக்காட்சி நிலையங்கள் சில தற்காலிகமாக அந்தப் பழைய கோபுரத்திலிருந்துதான் ஒளிபரப்பின.

கார்த்திகை மழை முழுவதும் எங்கள் ரேடியோ தெளிவாகப் பாடியது. மழை ஓய்ந்த ஒரு மாலையில் அப்பா, அந்தக் கோபுரம் எத்தனை அடி என்று மறுபடியும் கேட்டார். 425 என்றேன். நம் பக்கத்து நல்ல பனைக்கு அறுபது அடி என்று வைத்து மனக்கணக்குப் போட்டு, ஏழு பனை என்றார். அம்மா எழுந்து போய், திண்ணையில் கிடந்த தளையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.